பீர் கிட்டைக் கொண்டு வீட்டில் நல்ல ஸ்டவுட் தயாரிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவர் ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பீரை வீட்டில் தயாரிப்பதற்கான, 1.7 கிலோ பாகு அடங்கிய கிட் டப்பா ஒன்றை வாங்கியிருக்கிறார். ஒரு கிலோ சர்க்கரையைச் சேர்த்து, 23 லிட்டராகக் கலந்து, ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைக்கலாம் என்று அதனுடன் வந்த குறிப்பு சொல்கிறது. அப்படியே செய்தால் போதுமா, இலங்கையின் லயன் ஸ்டவுட் போலக் கனமாக வருமா என்று கேட்கிறார்.

குறிப்பில் உள்ளபடியே செய்தால் குடிக்கத்தக்க ஒரு கறுப்பு பீர் நிச்சயம் கிடைக்கும். ஆனால் ஸ்டவுட்டுக்குரிய கனமும் வறுபட்ட மணமும் அதில் குறைவாகவே இருக்கும்; வாயில் வைத்த உடனே கரைந்துபோகும் மெலிந்த பானமாகவே அது அமையும். சர்க்கரைக்குப் பதில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து எடுப்பது), 23 லிட்டருக்குப் பதில் 20 லிட்டர், ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் என்ற மாற்றங்களைச் செய்தால், அதே டப்பாவிலிருந்து கடையில் வாங்குவதற்கு ஈடான ஸ்டவுட்டை எடுக்க முடியும். லயன் ஸ்டவுட்டின் வலிமை 8 சதவீதத்துக்கும் மேல் என்பதால் அது ஒரே டப்பாவில் வராது. அதை நோக்கிச் செல்லும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் தயாரிக்கவும் உரிமம் தேவைப்பட்டது; 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த விதியை நீக்கினார். இன்று சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு: 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கே நடப்பில் இருப்பதால், உரிமமின்றி வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். ஊரில் உள்ள உறவினர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மற்றொரு அச்சத்தையும் நம்மவர்கள் தவறாமல் எழுப்புவார்கள்: வீட்டில் செய்தால் விஷமாகிவிடாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். பார்லி மால்ட்டை ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது ஆபத்து தரும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. இங்கே எதையும் வடித்தெடுப்பதும் இல்லை, வெளியிலிருந்து எந்தச் சாராயத்தையும் சேர்ப்பதும் இல்லை.

டப்பாவுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டால், குறிப்பில் எதை ஏற்கலாம், எதை மாற்றலாம் என்பது தானாகவே விளங்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கசப்பூட்டி, பெரும்பகுதி நீரை ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தியதே அந்தக் கரிய பாகு. அதாவது, மதுவாலையில் நடக்கும் வேலையின் முற்பாதியை ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ், இங்கிலாந்தின் மன்டன்ஸ் போன்ற நிறுவனங்கள் உங்களுக்காக முடித்துவிட்டன. ஆகவே பாகை மறுபடியும் கொதிக்கவைக்கத் தேவையில்லை. நீரின் கனிமச்சத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். கருக வறுத்த தானியம் அமிலத்தன்மை உடையது. அதை ஈடுகட்டும் காரத்தன்மை டப்ளின், லண்டன் நகரங்களின் கடினநீரில் இருந்ததும் அங்கே கறுப்பு பீர்கள் செழித்ததற்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பொருத்தம் முக்கியமாவது தானியத்தை ஊறவைக்கும் கட்டத்தில்; அந்தக் கட்டம் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மீதியிருப்பது ஈஸ்ட்டின் வேலை. கிட் பீர் சரியில்லை என்று கைவிட்டவர்களில் பெரும்பாலோர் பாகைக் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் குறை அநேகமாக எப்போதும் அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஒரு கிலோ சர்க்கரை. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம், ஏனெனில் இந்த விஷயத்தில் எண்கள் நாக்கைப் போலவே தெளிவாகப் பேசுகின்றன. ஒரு கிலோ மால்ட் பாகை ஒரு லிட்டராகக் கரைத்தால் ஏறத்தாழ 300 அடர்த்திப் புள்ளிகள் கிடைக்கும் என்று கொள்வது வழக்கம் (நீரின் அடர்த்தி 1.000; 1.039 என்றால் அதற்கு மேல் 39 புள்ளிகள்). ஸ்ப்ரே மால்ட் எனப்படும் உலர்ந்த மால்ட் தூளுக்கு அது சுமார் 370, வெள்ளைச் சர்க்கரைக்குச் சுமார் 385. குறிப்பின்படி 1.7 கிலோ பாகையும் ஒரு கிலோ சர்க்கரையையும் 23 லிட்டராக்கினால் தொடக்க அடர்த்தி 1.039 அளவில் நிற்கும். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்றுவிடும் என்பதால் முடிவில் அது 1.007 வரை இறங்கும். அதே பாகுடன் ஒரு கிலோ கருநிற ஸ்ப்ரே மால்ட்டைச் சேர்த்து 20 லிட்டராக்கினால் தொடக்கம் 1.044, மால்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகளும் உண்டு என்பதால் முடிவு 1.012 அருகில் நின்றுவிடும். இரண்டிலும் இறக்கம் 32 புள்ளிகள்தான். இறக்கத்தை 131.25ஆல் பெருக்கினால், அதாவது 0.032ஐ அந்த எண்ணால் பெருக்கினால், இரண்டுக்கும் விடை ஒன்றே: 4.2 சதவீத ஆல்கஹால். போதையில் இம்மியும் வேறுபாடு இல்லாத இரண்டு பீர்களில் ஒன்று வாயை நிரப்புகிறது, மற்றொன்று தண்ணீராகக் கழிகிறது. ஸ்ப்ரே மால்ட் சர்க்கரையைவிடப் பலமடங்கு விலை என்பது உண்மை. கிட் நிறுவனங்கள் சர்க்கரையைப் பரிந்துரைப்பதற்கு அந்த விலையன்றி வேறு நல்ல காரணம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. செலவு மிகுதி என்று தோன்றினால் அரைக் கிலோ மால்ட்டும் 300 கிராம் பழுப்புச் சர்க்கரையும் சேர்க்கலாம். முழுக்கச் சர்க்கரையில் செய்வதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். டப்பாவே 3 கிலோ அளவில், இரண்டு பைகளாகவோ இரண்டு டப்பாக்களாகவோ வந்திருந்தால் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி முன்னேற விரும்பினால் வறுத்த பார்லியைச் சேருங்கள். 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, வெளிறிய மால்ட்டை அடிப்படையாகக் கொண்டு சிறிதளவு கரிய மால்ட்டால் நிறமும் மணமும் ஏற்றும் முறை, ஸ்டவுட்டின் முன்னோடியான போர்ட்டர் என்னும் கரிய பீரிலும் ஸ்டவுட்டிலும் நிலைபெற்றது. முளைகட்டாத தானியத்தைப் பீரில் பயன்படுத்துவதற்கு இருந்த தடை 1880இல் மால்ட் வரியுடன் நீங்கியது. இன்று டப்ளினின் கின்னஸ் ஸ்டவுட்டைக் குடிக்கும்போது நாம் உணரும் காப்பி போன்ற உலர்ந்த கசப்பு, அவ்வாறு முளைகட்டாமல் வறுத்த பார்லியிலிருந்து வருவது. டப்பாப் பாகில் பெரும்பாலும் மங்கிப்போயிருப்பது இந்தப் புதுமணம்தான். 250 கிராம் வறுத்த பார்லியை உடைத்து வாங்கி, துணிப்பையில் கட்டி, இரண்டு லிட்டர் நீரில் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பையை எடுத்த பின் அந்தக் கரிய நீரைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்துப் பாகுடன் சேர்த்துவிடுங்கள். தானியத்தையே போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். ஓட்ஸ் ஸ்டவுட் செய்யும் ஆசையில் ஓட்ஸை இதேபோல் ஊறவைப்பவர்கள் உண்டு. வறுத்த பார்லியில் நிறமும் மணமும் கரைந்து வருகின்றன. ஓட்ஸில் மாவுச்சத்துதான் வரும், அதைச் சர்க்கரையாக்க நொதியுள்ள வெளிறிய மால்ட் உடன் இருக்க வேண்டும். முதல் தடவையில் அதைத் தவிர்ப்பது நல்லது. இனிப்பு வேண்டுமென்பவர்கள் 300 கிராம் லாக்டோஸ் சேர்க்கலாம். பால் சர்க்கரையை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது என்பதால் அது அப்படியே தங்கும். மில்க் ஸ்டவுட் என்பது அதுதான். ஆனால் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், விருந்தினருக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

பாகு எப்போது தயாரானது என்பதையும் பாருங்கள். மால்ட் பாகு டப்பாவிலேயே மெல்ல மெல்லக் கருத்துப் பழைய சுவையைப் பெறும். வெளிறிய பீர்களில் இது பளிச்சென்று தெரிந்துவிடும். ஸ்டவுட்டின் வறுசுவை அதை ஓரளவு மறைத்துவிடும். கிட்டில் தொடங்குபவருக்கு வெளிறிய லாகர் பீரைவிட ஸ்டவுட்டை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். அதற்காகக் காலாவதியை நெருங்கிய டப்பாவைத் தள்ளுபடி விலையில் வாங்க வேண்டாம்.

சுத்தம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கொதித்து ஆறிய சாற்றைத் தொடும் எதுவும், வாளி, கரண்டி, தெர்மாமீட்டர், சைஃபன் குழாய், உங்கள் கை உட்பட, முதலில் அழுக்கு நீங்கக் கழுவப்பட்டு, பிறகு கிருமிநீக்கி தடவப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். அழுக்கின் மேல் கிருமிநீக்கி பயன் தராது. குளோரின் கலந்த கிருமிநீக்கி என்றால் நன்றாக அலசுங்கள். அதைவிட முக்கியமாக, குழாய்நீரில் உள்ள குளோரினை நீக்குங்கள். குளோரின் மால்ட்டின் ஃபீனால்களுடன் சேர்ந்து மருத்துவமனை வாடையை உண்டாக்கும், அது எத்தனை மாதம் வைத்திருந்தாலும் போகாது. 20 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (குளோரினை நீக்கும் சல்பைட் மாத்திரை) பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரின் தீர்ந்துவிடும். சில பென்ஸ் செலவாகும் இந்த அரை மாத்திரை, கிட் பீரின் குறை என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும் பங்கை நீக்கிவிடுகிறது.

கலக்கும் வேலை எளிது. டப்பாவைப் பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீரில் நிறுத்திவைத்தால் பாகு இளகிவிடும். ஸ்ப்ரே மால்ட்டை நேரே கொதிநீரில் கொட்டினால் ஆவி பட்டுக் கட்டிதட்டும். பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு பார்லி நீருடன் சேர்த்துக் கொதிக்கவையுங்கள், பொங்கி வழியும் என்பதால் அடுப்பை விட்டு அகலாதீர்கள். இதையும் பாகையும் வாளியில் கலந்து, குளிர்ந்த நீரை ஊற்றி 20 லிட்டராக்கி, வேகமாகக் கலக்கி நுரைக்க வையுங்கள். ஈஸ்ட் பெருகுவதற்கு இந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று தேவை. நொதித்தல் தொடங்கிய பின் காற்று பகையாகிவிடும். அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில் தொடக்க அடர்த்தியைப் பார்த்து எழுதிவையுங்கள். ஸ்டவுட் நுரை உயரமாக எழும் என்பதால் வாளி 25 லிட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 30 லிட்டராக இருக்கட்டும்.

இனி ஈஸ்ட். டப்பா மூடியின் கீழ் வரும் பொட்டலம் பெரும்பாலும் 6 அல்லது 7 கிராம். அந்த டப்பா எந்தக் கிடங்கில் எத்தனை கோடைகளைக் கழித்தது என்று யாருக்கும் தெரியாது. சேஃபேல் எஸ்-04, நாட்டிங்காம் போன்ற 11 கிராம் அளவுள்ள எந்த நல்ல ஏல் ஈஸ்ட்டானாலும் (ஸ்டவுட் சேர்ந்த ஏல் வகைப் பீர்களுக்கான ஈஸ்ட்), தனியாக வாங்கிப் பயன்படுத்தினால் வேறுபாடு முதல் மிடறிலேயே தெரியும். இந்தக் கிட்டில் கூடுதலாகச் செலவழிக்க உங்களிடம் மூன்று பவுண்டு மட்டுமே இருந்தால், அதை ஈஸ்ட்டுக்கே செலவழியுங்கள். சாறு 20 டிகிரிக்குக் கீழ் வந்த பிறகே தூவ வேண்டும்.

வெப்பநிலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இட்லி மாவு சென்னையின் மே மாதத்தில் ஓர் இரவில் பொங்கி, லண்டனின் ஜனவரியில் இரண்டு நாளாகியும் அசையாமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஈஸ்ட்டின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாவில் நாம் வேகத்தை விரும்புகிறோம். பீரில் வேகம் சுவையைக் கெடுக்கும். சில டப்பாக்களின் குறிப்பு 25 டிகிரிக்கு மேலும் அனுமதிக்கிறது. அந்த வெப்பத்தில் நொதித்தல் மூன்றே நாளில் முடிந்துவிடும் என்பது உண்மை. தொண்டையைச் சுடும் கனத்த ஆல்கஹால்களும் பொருந்தாத பழவாடைகளும் உண்டாவது அப்போதுதான். 18 முதல் 20 டிகிரி வரை வைத்திருங்கள். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், உச்சத்தில் வாளியின் உட்புறம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். எனவே அறை 17 டிகிரி என்றால் மிகப் பொருத்தம். இங்கிலாந்தின் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, ஹீட்டரிலிருந்து தள்ளியுள்ள எந்த அலமாரியும் இதற்குப் போதும். வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதே முக்கியம். கோடையில் செய்யத்தான் வேண்டுமென்றால், வாளியை ஓர் அகன்ற நீர்த்தொட்டியில் நிறுத்தி ஈரத்துண்டைச் சுற்றுங்கள்.

ஓரிரு நாளில் பழுப்பு நுரையும் திட்டுத்திட்டான கசடும் மேலே மிதக்கும். புதியவர்கள் இதைக் கெட்டுவிட்டதாக எண்ணிக் கொட்டிவிடுவதுண்டு. அது ஆரோக்கியத்தின் அடையாளம். வாளி மூடியில் வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதை வைத்து நொதித்தல் முடிந்தது என்று முடிவு செய்யாதீர்கள், மூடியின் ஓரத்தில் வாயு கசிந்தாலும் குமிழி வராது. ஹைட்ரோமீட்டர் ஒன்றே சாட்சி. பத்தாம் நாளில் ஒரு முறை பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக, 1.010க்கும் 1.016க்கும் இடையில் இருந்தால் வேலை முடிந்தது. 1.020 அருகில் நின்றுவிட்டால், வாளியை 21 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றி, திறக்காமல் மெல்லச் சுழற்றிவிடுங்கள். உறங்கிய ஈஸ்ட் எழும். அடர்த்தி நின்ற பிறகும் மூன்று நான்கு நாள் ஈஸ்ட்டின் மேலேயே விட்டுவைப்பது நல்லது, ஏனெனில் தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடையையும் பச்சை ஆப்பிள் வாடையையும் ஈஸ்ட் அந்த நாட்களில்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறது. குறிப்பில் உள்ள ஒரு வாரம் இரண்டு வாரமாவது இதற்காகத்தான்.

பாட்டிலில் அடைக்கும்போது வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரையில் கைநிதானம் வேண்டும். லாகருக்குரிய பொங்குதல் ஸ்டவுட்டுக்குப் பொருந்தாது. லிட்டருக்கு 4 கிராம் போதும். கையில் 20 லிட்டர் இருந்தால் 80 கிராம் சர்க்கரையைச் சிறிது கொதிநீரில் கரைத்து, சுத்தமான இரண்டாவது வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சலசலப்பில்லாமல் சைஃபன் செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கரண்டியால் சர்க்கரை போடுவதைவிட இது சீராக அமையும். பீருக்கென்றே செய்யப்பட்ட கனத்த கண்ணாடிப் பாட்டில்களையோ பிளாஸ்டிக் பாட்டில்களையோ மட்டுமே பயன்படுத்துங்கள். நொதித்தல் முழுதாக முடியாமல் அடைத்த பாட்டில்கள் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும். இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான உடல் ஆபத்து என்பது இது ஒன்றுதான், ஆகவே ஹைட்ரோமீட்டர் அளவில் சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அடைத்த பின் இரண்டு வாரம் 20 டிகிரி அளவுள்ள அறையிலும், பிறகு குளிர்ந்த இருட்டான இடத்திலும் வையுங்கள். மூன்றாம் வாரத்தில் குடித்துப் பார்க்கலாம். கருகல் சுவையின் முனை மழுங்கி மால்ட்டுடன் இணைவதற்கு ஆறு வாரமாவது ஆகும்.

கின்னஸ் போன்ற பாலாடை நுரை பாட்டிலில் வருமா என்றும் பலர் கேட்பதுண்டு. வராது. அந்த நுரை நைட்ரஜனால் உண்டாவது; மூன்று பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு கரியமில வாயுவும் கலந்த அழுத்தத்தில், நுண்துளைத் தகட்டின் வழியே பீரைப் பீய்ச்சினால்தான் அது கிடைக்கும். கெக் எனப்படும் உலோகப் பீப்பாயும் வாயு உருளையும் வாங்கும் காலம் வரை, மென்மையான பழுப்பு நுரையே வீட்டு ஸ்டவுட்டின் இயல்பு. 10 முதல் 12 டிகிரி வரையான குளிர்ச்சியில், அடியில் படிந்த ஈஸ்ட்டைப் பாட்டிலிலேயே விட்டு ஊற்றுங்கள். ஐஸ் போலக் குளிரவைத்தால் வறுமணம் அடங்கிவிடும்.

இனி லயன் ஸ்டவுட். நுவரெலியாவின் மலைக்குளிரில் தொடங்கி இப்போது பியகமவில் தயாராகும் அந்த பீர், வெப்ப நாடுகளில் வேரூன்றிய வலிய ஸ்டவுட் வகையைச் சேர்ந்தது. அதன் எல்லைவரை போகாவிட்டாலும் பாதி வழியைக் கிட்டைக் கொண்டே கடக்கலாம். இரண்டு ஸ்டவுட் டப்பாக்களை ஒன்றாகக் கலப்பது பலர் செய்யும் வழி. கசப்பும் இரட்டிப்பாவதால் நான் அதை விரும்புவதில்லை. ஒரு ஸ்டவுட் டப்பா, ஹாப்ஸ் சேராத கருநிற மால்ட் பாகு 1.5 கிலோ, கரும்பழுப்புச் சர்க்கரை அரைக் கிலோ ஆகியவற்றை 18 லிட்டராக்கினால் தொடக்க அடர்த்தி 1.064 வரும். இங்கே சர்க்கரைக்கு இடமுண்டு, ஏனெனில் இவ்வளவு மால்ட்டுடன் அது கனத்தைக் குறைக்காது, திகட்டலைத்தான் குறைக்கும். 1.016இல் நின்றால் ஆல்கஹால் 6.3 சதவீதம். ஈஸ்ட் இரண்டு பொட்டலம், 18 டிகிரிக்கு மேல் ஏறாத தொடக்கம், மூன்று வாரம் வாளியில், மூன்று மாதமாவது பாட்டிலில். முதல் கிட்டைச் சாதாரண வலிமையில் செய்து, உங்கள் அறையின் வெப்பமும் ஈஸ்ட்டின் போக்கும் பழகிய பிறகு, இதைச் செப்டம்பரில் கலந்து வைத்தால் தைப்பொங்கலுக்குத் திறக்கலாம்.